பந்தய எஞ்சினின் மூச்சு

எம் தங்கை மகன் இயந்திரப் பொறியியல் பயில்பவன். பெருநாள் விடுமுறையில் இல்லம் வந்திருந்தபோது எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். “மாமா, அமெரிக்காவில் ஸ்டாக் கார்ப் பந்தயம் என்று ஒன்று நடக்கிறது. அந்த வண்டியின் எஞ்சினைப் பழைய முறை என்று சொல்லி எங்கள் பாடநூல் ஒரு பத்தியோடு முடித்துவிடும். அதிலிருந்து 850 குதிரைத்திறன் எப்படி வருகிறது?” தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இது என்று முதலில் நகைத்தோம். பின்னர் அவனுடைய நூல்களையும் வேறு சில நூல்களையும் புரட்டத் தொடங்கினோம். விட மனம் வரவில்லை. யாம் அறிந்தவற்றைத் துறை மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். இலக்கியக் கட்டுரைகளுக்கிடையே எஞ்சினுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

ஸ்டாக் கார் என்னும் சொல்லின் பொருளை முதற்கண் தெளிதல் வேண்டும். ‘ஸ்டாக்’ என்பது ஈண்டுக் கடையில் உள்ள இருப்பைக் குறிக்கும். பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டியை விற்றபடியே, மாற்றம் செய்யாது, பந்தயத்தில் ஓட்டுதல் என்பதே தொடக்கக் கருத்து. பில் பிரான்ஸ் என்பவர் முன்னின்று 1948-ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்து டேடோனா பீச் நகரில் தோற்றுவித்த நாஸ்கார் என்னும் அமைப்பு, 1949 ஜூன் திங்களில் சார்லட் நகரில் இத்தகைய முதற்பந்தயத்தை நடத்திற்று. முதலில் வந்த கிளென் டன்அவே என்பாரின் வெற்றி செல்லாது என அறிவிக்கப்பட்டது. அவர் ஓட்டிய வண்டியின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தன என்பதே காரணம். கள்ளச்சாராயம் ஏற்றிச் செல்வோர், சுமையால் வண்டி தாழ்ந்து காவலர் கண்ணில் படாதிருக்கச் செய்துகொள்ளும் மாற்றம் அது! இவ்விளையாட்டின் முதல் வழக்கே விதியை ஒட்டியது என்பதை நினைவிற் கொள்க. விதி ஒரு வாயிலை அடைப்பதும், எஞ்சின் வல்லார் வேறொரு வாயிலைத் தேடுவதுமே இதன் எழுபதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு எனலாம்.

காலப்போக்கில் வண்டியின் உடல் கடைச் சரக்காக இல்லாமற் போயிற்று, பந்தயத்துக்கெனவே கட்டப்பட்டது. ஆனால் எஞ்சினின் அடிப்படை மட்டும் பழைய அமெரிக்க வீதி வண்டியின் வழியிலேயே நின்றது. 1955-இல் செவர்லே நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த சிறிய வி-8 எஞ்சினை நோக்குக. நான்கு நான்காக இரு சாரியில் எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்தன. அவற்றின் இடைப்பள்ளத்தில் ஒரே ஒரு கேம் தண்டு சுழலும். கேமின் மேடு எழும்போது டாப்பட் உயரும். அது நீண்ட கம்பி ஒன்றை மேலே தள்ளும். கம்பி ராக்கர் என்னும் நெம்புகோலைச் சாய்க்கும். நெம்புகோல் வால்வைத் திறக்கும். நம் நாட்டுப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளிலும் கம்பி தள்ளும் இம்முறையே இருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. அந்த 1955-ஆம் ஆண்டு எஞ்சின், 4.3 லிட்டர் கொள்ளளவில் 162 குதிரைத்திறன் தந்தது. அதே அமைப்பு முறையில், 5.86 லிட்டர் கொள்ளளவில், 2014-ஆம் ஆண்டு வரை ஓடிய நாஸ்கார் முதல்நிலைப் பந்தய எஞ்சின்கள் ஏறத்தாழ 850 குதிரைத்திறன் தந்தன. ஒரு லிட்டருக்கு 37-ஆக இருந்தது 145 ஆயிற்று!

பிஸ்டன், வால்வு முதலியவற்றுக்கு ஆக்கப்பட்டுள்ள தூய தமிழ்ச் சொற்களை யாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் பட்டறையில் நாள்தோறும் வழங்கும் சொல் எதுவோ அதுவே பொருளை விரைந்து உணர்த்தும் என்பது எம் கருத்து. மாறுபடுவோர் உளர் என்பதும் அறிவோம்.

அரிதாவது காற்றே

எஞ்சினின் ஆற்றல் பெட்ரோலிலிருந்து வருகிறது என்று நாம் எண்ணுகின்றோம். அது பிழையன்று; ஆனால் பாதி உண்மையே. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமாயினும் சிலிண்டரில் பொழியலாம், எளிய செயல். அதை எரிக்கும் காற்றைப் போதிய அளவு உள்ளே கொணர்வதுதான் அரிது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழப் பதின்மூன்று பங்கு காற்று வேண்டும். ஆகவே எஞ்சினை அடுப்பாக நினையாது, கொல்லனின் துருத்தியாக நினைத்தல் பொருந்தும். எவ்வளவு காற்றை ஒரு நொடியில் இழுத்து வெளித்தள்ளுகிறதோ அவ்வளவே அதன் வலிமை.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1974-ஆம் ஆண்டு முதல் நாஸ்கார் விதி, எட்டு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவை 358 கன அங்குலத்துக்குள், அஃதாவது 5.86 லிட்டருக்குள், நிறுத்தியது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 9,000 சுற்று எனக் கொண்டால் நொடிக்கு 75 மூச்சு. 75-ஐ 5.86-ஆல் பெருக்க ஏறத்தாழ 440 லிட்டர் வரும். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் பீப்பாய் இரண்டிலும் அடங்காத காற்றை இவ்வெஞ்சின் ஒரே நொடியில் உண்கிறது. அக்காற்றின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மிகும். அதனோடு எரியத்தக்க பெட்ரோல் ஏறத்தாழ 40 கிராம். அந்த 40 கிராம் தரும் வெப்பத்தை முழுதும் வேலையாக மாற்ற இயலுமாயின் 2,300 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்த அளவுதான் சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியும், ரேடியேட்டர் வழியும் வீணே வெளியேறுகிறது. 850 என்னும் எண் இங்ஙனம் பிறக்கின்றது. இதில் மாயம் ஒன்றுமில்லை.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகும். கொள்ளளவை விதி கட்டிவிட்டது. காற்றழுத்தி வைத்து ஊதி நிரப்பவும் விதி இடந்தரவில்லை. எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள். ஒவ்வொரு மூச்சையும் நிறைவாக இழுத்தல் ஒன்று. நொடிக்கு மூச்சின் எண்ணிக்கையைப் பெருக்குதல் மற்றொன்று. அதே காலத்தில் ஐரோப்பிய ஃபார்முலா ஒன்று வண்டிகள் இரண்டாம் வழியை எல்லைவரை பின்பற்றின. 2005-இல் அவற்றின் மூன்று லிட்டர் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 19,000 சுற்று வரை சுழன்று ஏறத்தாழ 900 குதிரைத்திறன் தந்தன. பாதியளவு துருத்தி, இருமடங்கு வேகம். உண்ட காற்று ஏறத்தாழ ஒன்றே.

காற்றின் வழி

மூச்சை நிறைவாக இழுத்தல் எங்ஙனம்? நெடுங்காலம் ஸ்டாக் கார்கள் முன்கண்ணாடியின் அடிவாரத்திலிருந்து காற்றை எடுத்துக்கொண்டன. வண்டி விரைந்தோடும்போது கண்ணாடியில் மோதும் காற்று அவ்விடத்தில் குவிந்து சற்றே அழுத்தம் மிக்கதாக இருக்கும். அங்கிருந்து நான்கு தொண்டைகள் கொண்ட ஒரே கார்புரேட்டருக்குள் காற்று இறங்கும். 2011 வரை முதல்நிலைப் பந்தயங்களில் கார்புரேட்டரே இருந்தது. 2012-இல்தான் மின்னணு முறையில் பெட்ரோல் பீச்சும் அமைப்பு வந்தது. வீதி வண்டிகள் கார்புரேட்டரைக் கைவிட்டு இருபதாண்டு கழிந்த பின்னரே பந்தய வண்டி கைவிட்டது என்பது வியப்பன்றோ?

கார்புரேட்டருக்குக் கீழே எட்டுக் கிளையாகப் பிரியும் குழாய்கள். இக்குழாய்களின் நீளம் ஏனோதானோ என்று அமைவதன்று. வால்வு மூடிக்கொள்ளும்போது, விரைந்து வந்த காற்று முட்டி நிற்கும்; அம்முட்டலால் அழுத்த அலை ஒன்று எழுந்து குழாயில் முன்னும் பின்னும் ஓடும். அவ்வலை மீண்டு வரும் நேரத்தில் வால்வு மறுபடி திறந்திருக்குமாயின், அலை காற்றைத் தள்ளிக்கொண்டே உள்ளே புகும். புல்லாங்குழலின் நீளத்தைப் பொறுத்துச் சுரம் மாறுவதுபோல, குழாயின் நீளத்தைப் பொறுத்து இவ்வுதவி எந்தச் சுழல்வேகத்தில் கிடைக்கும் என்பது மாறும். வெளியேறும் புகைக்குழாயிலும் இதே உத்தி உண்டு. புகை விரைந்து வெளியேறும்போது தன் பின்னே ஒரு வெறுமையை விட்டுச் செல்லும். இரு வால்வுகளும் ஒருங்கே சிறிது நேரம் திறந்திருக்குமாறு கேமை அமைத்தால், அவ்வெறுமை புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். இவ்விரண்டும் கூடிவந்தால், 100 பங்கு கொள்ளும் சிலிண்டரில் 100-க்கு மேற்பட்ட காற்று நிறைகின்றது!

எம்மைப் பெரிதும் ஈர்த்தது சிலிண்டர் தலையில் அமைந்த காற்று வழியே. வால்வின் மேற்புறத்து வளைவை ஒரு கைவினைஞர் சிறு சாணைக் கருவியால் அராவி அராவிச் செப்பனிடுவார். பின்னர் அத்தலையைக் காற்றோட்டம் அளக்கும் மேடையில் ஏற்றிக் காற்றை இழுத்துப் பார்ப்பார். வழியை அகலப்படுத்தினால் காற்று மிகும் என்று நாம் நினைப்போம். அகலம் மிகுந்தால் காற்றின் விரைவு குறையும். விரைவு குறைந்தால் முன்சொன்ன முட்டலும் அலையும் தளரும். பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் படியும். ஆகவே எங்கு அகழ்வது, எங்கு அகழாது விடுவது என்பதில்தான் அவருடைய கைத்திறன் இருக்கின்றது. பிற்காலத்தில் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள் ஒரு நல்ல தலையைப் பார்த்து நூறு தலைகளைப் படியெடுத்தன. ஆயினும் அந்த முதல் தலையை வடித்தவர் ஒரு மனிதரே.

உள்ளே வந்த கலவையை 12-க்கு 1 என்ற அளவுக்கு நெருக்கவே விதி இடந்தந்தது. அதற்கும் மேல் நெருக்கினால் வேலை மிகக் கிடைக்கும். ஆனால் தீப்பொறிக்கு முன்பே தானே வெடிக்கும் அச்சமும் மிகும். எஞ்சினின் அடியில் எண்ணெயைத் தேங்கவிடாது பம்புகளால் உறிஞ்சி வேறொரு தொட்டியில் சேர்ப்பர். கிராங்க் தண்டு எண்ணெயில் அளைந்து வலிமை இழவாதிருக்க அது செய்யப்படுவது.

ஸ்பிரிங்கின் துயரம்

இனி இரண்டாம் வழி. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் ஏறத்தாழ 82 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் அது நொடிக்குச் சராசரி 25 மீட்டர் விரைவில் ஓடுகிறது. ஓடுவதன்று துன்பம், நிற்பதே துன்பம். உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும்போது, புவியீர்ப்பைப் போல 4,000 மடங்குக்கு மேற்பட்ட முடுக்கத்துக்கு உள்ளாகிறது. அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டன் எனின், அதைப் பிடித்து இழுக்கும் கம்பி அக்கணத்தில் இரண்டு டன்னுக்கு மேல் சுமக்கிறது. நொடிக்கு 150 முறை இது நிகழும்.

இவ்வளவையும் பிஸ்டன் தாங்கிக்கொள்கிறது. தாங்க முடியாமல் திணறுவது வால்வின் ஸ்பிரிங். கேம் வால்வைத் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் கடமை. நொடிக்கு 75 முறை அழுந்தி நிமிரும் அது சற்றே பிந்தினாலும், வால்வு திறந்தபடியே நிற்க, மேலே வரும் பிஸ்டன் அதை முட்டும். அதன்பின் எஞ்சின் இல்லை. ஃபார்முலா ஒன்று எஞ்சின்களில் இரும்புச் சுருளுக்கு மாற்றாக அழுத்தக் காற்றே வால்வை மூடுகிறது. 1986-இல் ரெனோ நிறுவனம் அம்முறையைக் கொணர்ந்தது. நாஸ்கார் வல்லார்க்கு அவ்வுரிமை இல்லை. சுருளுக்குள் சுருள் வைத்தனர். எடை குறைந்த டைட்டானிய வால்வுகளை இட்டனர். சுருளின் மேல் எண்ணெயைப் பீச்சிக் குளிர்வித்தனர். மாசற்ற உருக்குக் கம்பியைத் தேடினர். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உருக்கினுள் இருப்பினும் அங்கிருந்து வெடிப்புத் தொடங்கும் என்பதால்! சார்லட் நகரில் நடைபெறும் 600 மைல் பந்தயம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீளும். விபத்தால் மெதுவாகச் செல்லும் நேரத்தைக் கழித்தாலும், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் பல இலட்சம் முறை அழுந்தி எழுந்தாக வேண்டும். 2005-இல் கியர் விகிதங்களையே விதியால் கட்டுப்படுத்திச் சுழல்வேகம் மேன்மேலும் ஏறாதவாறு தடுத்தனர். ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் 2004-இல் பிக்கப் லாரிப் பந்தயத்திலும், 2007-இல் முதல்நிலைக் கார்ப் பந்தயத்திலும் நுழைந்தபோது, தன் விற்பனை வண்டிகளில் இல்லாத கம்பி தள்ளும் வி-8 அமைப்பைப் பந்தயத்துக்கெனவே புதிதாக வடிக்க நேர்ந்தது. ‘கடைச் சரக்கு’ என்ற பெயர் அதற்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

அடைக்கப்பட்ட வாய்

கூடுதல் காற்றுக்கு வழிகண்டவரை விதி தடுத்ததற்குப் பழைய சான்றும் உண்டு. 1964-இல் கிரைஸ்லர் நிறுவனம் அரைக்கோள வடிவில் எரியறை அமைந்த ஹெமி எஞ்சினைக் கொணர்ந்தது. அவ்வடிவில் பெரிய வால்வுகளை எதிரெதிரே சாய்த்து வைக்கலாம். காற்று தடையின்றிச் செல்லும். அவ்வாண்டு டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி முதலாவதாக வர, முதல் மூன்று இடங்களும் ஹெமி வண்டிகளுக்கே வாய்த்தன. பொதுமக்களுக்கு விற்கப்படாத எஞ்சின் என்று காரணங் காட்டி மறு ஆண்டு அதனைத் தடுத்தனர். 1966-இல் வீதி வண்டியிலும் அதைப் பொருத்தி விற்று அந்நிறுவனம் மீண்டும் வந்தது.

ஆனால் 1987 மே 3-ஆம் நாள் நிகழ்ந்தது வேறு வகை. அலபாமா மாநிலத்துத் தல்லடேகா திடல், 4.28 கிலோமீட்டர் சுற்றளவும் 33 பாகைச் சரிவும் கொண்டது. அங்குத் தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 342 கிலோமீட்டரைக் கடந்தார். அது இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. பந்தயத்தின்போது பாபி அலிசனின் டயர் கிழிந்தது. வண்டி திரும்பியது, அவ்வேகத்தில் அடியில் புகுந்த காற்று அதன் பின்புறத்தைத் தூக்கிப் பார்வையாளர் வரிசையின் முன்னிருந்த கம்பி வேலியில் எறிந்தது. வேலி கிழிந்தது, பார்வையாளர் சிலர் காயமுற்றனர். ஆயினும் வண்டி அவர்கள் நடுவே விழவில்லை. வேலியின் வடக்கயிறு அதைத் தடத்துக்கே திருப்பி அனுப்பிற்று. அவருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தவர் அவருடைய மகன் டேவி. பின்காட்டும் கண்ணாடியில் தந்தையின் வண்டி பறப்பதைக் கண்டார். தந்தை உயிர் பிழைத்தார் என அறிந்தபின், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நின்று தொடர்ந்த அப்பந்தயத்தில் டேவியே வென்றார். அஃது அவருடைய முதல் வெற்றி.

வேலி இரண்டாம் முறையும் தாங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அவ்வாண்டின் எஞ்சிய காலத்தில் டேடோனா, தல்லடேகா என்னும் இரு பெருந்திடல்களிலும் சிறிய கார்புரேட்டரைக் கட்டாயமாக்கினர். 1988 முதல் கார்புரேட்டருக்கு அடியில் நான்கு துளை கொண்ட உலோகத் தட்டு ஒன்று வைக்கப்பட்டது. எஞ்சினில் வேறெதையும் தொடவில்லை. கார்புரேட்டர்த் தொண்டையின் குறுக்களவு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். தட்டின் துளையோ 22 மில்லிமீட்டர் அளவினது. இது ஆண்டுக்காண்டு சிறிது மாறியது. பரப்பில் கால் பங்கே எஞ்சிற்று. வலிமையோ 430, 450 என ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பரப்பு கால் பங்கு, வலிமை மட்டும் பாதி, ஏன்? இதனை எம் மருமகனே விளக்கினான். வழி குறுகும்போது காற்று தன் விரைவைக் கூட்டி ஈடுசெய்கிறது. ஆனால் அவ்விரைவுக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒலியின் வேகம். துளையில் காற்று அவ்வேகத்தை அடைந்துவிட்டால், கீழே பிஸ்டன்கள் எவ்வளவு வலிந்து இழுத்தாலும் அதற்கு மேல் ஓர் அணுவும் கூடுதலாக வராது. 850 குதிரைத்திறனுக்கு வேண்டிய காற்றின் எடையையும், அவ்வளவுள்ள நான்கு துளைகளில் ஒலிவேகத்தில் புகக்கூடிய காற்றின் எடையையும் தாளில் எழுதி ஒப்பிட்டான். பின்னது முன்னதில் பாதியளவே வந்தது. எங்கோ ஒரு திடலில் நிகழ்வது எம் கூடத்துத் தாளில் ஒத்து வந்தபோது உண்மையில் மகிழ்ந்தோம்.

தட்டால் விளைந்தது நன்மை மட்டுமன்று. எல்லா வண்டிகளும் ஒரே அளவு காற்றுண்டமையால் ஒரே வேகத்தில், முப்பது நாற்பது வண்டிகள் மந்தைபோல் நெருங்கி ஓடின. ஒன்று தடுமாறினால் இருபது மோதின. பார்வையாளரைக் காத்த முடிவு ஓட்டுநரை வேறோர் இடரில் நிறுத்தியது என்பது எம் எண்ணம்.

பின்னர் மூச்சைக் கட்டுதல் பிற திடல்களுக்கும் பரவியது. 2015-இல் சரிவான துளை கொண்ட தடிமனான தட்டால் 850-ஐ 725 அளவுக்குக் குறைத்தனர். 2022-இல் பெரும்பாலான திடல்களுக்கு 670 என வைத்தனர். 1995-இல் தொடங்கிய பிக்கப் லாரிப் பந்தயம் வேறொரு வழியில் சென்றது. அங்கு இடர் வேகமன்று, செலவு. ஓரிரு பந்தயத்துக்கு ஓர் எஞ்சினைப் பிரித்துக் கட்டச் சிறு குழுக்களிடம் பணமில்லை. எனவே 2018-இல் இல்மோர் என்னும் நிறுவனம் வடித்த 396 கன அங்குல எஞ்சினை விரும்பியோர் பயன்படுத்தலாம் என இடமளித்தனர். கொள்ளளவு 6.5 லிட்டர். துருத்தி பெரிதாயிற்று, ஆகவே அதே காற்றுக்கு விரைந்து சுழல வேண்டியதில்லை. ஸ்பிரிங்குகள் பிழைத்தன, ஒரே எஞ்சின் பல பந்தயங்களுக்கு உழைத்தது.

நான்கு நேர்த்துளைகள் கொண்ட பழைய தட்டு கடைசியாக 2019 பிப்ரவரித் திங்களில் டேடோனா 500 பந்தயத்தில் வைக்கப்பட்டது. அதன்பின் பெருந்திடல்களிலும் சரிவுத் துளைத் தட்டே வந்தது. துளையின் வாயில் அகன்று படிப்படியே ஒடுங்குவதால் காற்று சுழலாது சீராக இறங்கும். ஒடுக்கம் முடியும் இடத்தின் அளவை மட்டும் இன்றும் அலுவலரே முடிவு செய்கின்றனர்.